மாஸ்டரிடம் இருக்கும் காம்பஸ்

அந்த நீலப் பை கூடாரம்தானே சார்? நினைத்தேன். அதைக் கால் பக்கம் வைக்காதீர்கள், முதல் வளைவிலேயே உருண்டு டிரைவரிடம் போய்விடும். மடியிலும் வேண்டாம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

முன் சீட்டில் இருப்பது உங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளுமா? நல்லது. மார்கழியில் மலையில் போய்க் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறீர்கள். நான் சிரிக்கவில்லை சார். நானும் அதற்குத்தான் போகிறேன். அறுபத்தெட்டு வயதில், இது ஐந்தாவது வருஷம். ஆனால் உங்களைப் போல ஆசைக்குப் போகிறவன் இல்லை. என்னுடைய பொருள் ஒன்று ஒருத்தரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிவரப் போகிறேன். ஒரு காம்பஸ். பித்தளை, மூடி போட்டது, உள்ளங்கையில் அடங்கும். வைத்திருப்பவர் பெரியகுளத்துக்காரர், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், பெயர் தவமணி. நாலு வருஷமாகத் தருகிறேன் தருகிறேன் என்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த மனுஷன்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம். சர்வேயர் காமாட்சிநாதன் என்றால் திருமங்கலம் பக்கம் தெரியும். சிலர் நன்றாகச் சொல்வார்கள், எல்லைக்கல் நகர்ந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ரிட்டயர் ஆன அன்று என் சம்சாரம் மங்கையர்க்கரசி வாங்கிக் கொடுத்தது அந்தக் காம்பஸ். கொடுக்கும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "இனிமே ஊரான் நிலத்தை அளந்தது போதும். வீட்டுக்குள்ள எது வடக்குன்னு பார்த்துக்கிட்டுக் கெடங்க." அவளுக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் சோறு செரிக்காது. இரண்டு வருஷம் கழித்துப் போய்விட்டாள். நெஞ்சு வலி என்றாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் பையனும்தான். கதிரேசன். தங்கமான பிள்ளை, வாயே திறக்க மாட்டான். மோட்டார் கம்பெனியில் வேலை. காலையில் "வர்றேம்ப்பா". சாயங்காலம் "வந்துட்டேம்ப்பா". அவ்வளவுதான் ஒரு நாளுக்கு. எங்கள் வீட்டில் மிக்ஸி சத்தம் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது சார். சட்னி ஓட்டலிலிருந்து வந்துவிடும். அவனுக்கு முப்பத்து மூன்று நடந்தது. எனக்கு ஒரு மருமகள் வேண்டும். அழகெல்லாம் கேட்கவில்லை. சத்தம் போட்டுப் பேசுகிறவளாக, மிக்ஸி போடுகிறவளாக ஒருத்தி.

பத்துப் பதினைந்து ஜாதகம் தட்டிப்போன பிறகு தவமணி மாஸ்டர் பெண்ணின் ஜாதகம் வந்தது. பொன்மலர். மாட்டு டாக்டர். பத்தில் எட்டுப் பொருத்தம். சந்தோஷமாகப் போன் போட்டு, "என்னிக்குப் பொண்ணு பார்க்க வரலாம்?" என்று கேட்டேன். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், எம்பொண்ணு ஒண்ணு சொல்லுது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

அந்தப் பெண் சொன்னது இது. இதுவரைக்கும் ஒன்பது பேர் வந்து கேசரி தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து கேசரி தின்னும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். குளிரில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் இரண்டு குடும்பமும் மலையில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம்.

மாட்டைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி என்று எனக்கு முதலில் கோபம்தான். "மாஸ்டர், இது மார்கழி. நல்ல காரியம் பேசுற மாசமா?" என்றேன். போனை அந்தப் பெண்ணே வாங்கிவிட்டது.

"அங்கிள், நல்ல காரியம் எதுவும் பேச வேண்டாம். சும்மா கேம்ப்தான். தை பிறந்த பிறகு பேசிக்கலாம்."

சரி என்றுவிட்டேன். அதனால் ஒரு விதி வந்தது பாருங்கள். அந்த இரண்டு நாளும் கல்யாணம் என்ற வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று எதுவும் கிடையாது. நாங்கள் எல்லாரும் சும்மா காற்று வாங்கப் போகிறோம்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். பகல் பன்னிரண்டு மணி, வெயில் முதுகைப் பிளக்கிறது. மாஸ்டர் மங்கி குல்லா, ஸ்வெட்டர், கையுறையோடு நிற்கிறார். கழுத்தில் விசில். சுற்றிலும் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் எல்லாம் அவரையே பார்க்கிறார்கள்.

"என்ன மாஸ்டர், இங்கேயே குளிருதா?"

"என்.சி.சி.யில பதினேழு கேம்ப் போனவன் சார். குளிரு வந்த பிறகு போடுறவன் சிவிலியன். வர்றதுக்கு முன்னாடி போடுறவன்தான் சோல்ஜர்."

அவர் சம்சாரம் செண்பகம் பக்கத்தில் நின்று முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தது. சோல்ஜருக்கு.

இந்தப் பாதையைப் பாருங்கள் சார். மதுரையில் வியர்த்தது. இதோ தென்னையும் வாழையும். காட்ரோடு தாண்டினால் காடு. ஊத்து என்கிற ஊர்ப் பக்கம் போனால் காபித் தோட்டம், அதற்கு மேலே யூகலிப்டஸ். நம் ஊரில் குளிர்காலம் காலண்டரில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அளந்தவன் சொல்கிறேன்.

நாங்கள் தங்கிய இடம் மன்னவனூருக்கும் அந்தப் பக்கம். பிலோமினா என்று ஒரு அம்மா, சொந்தத் தோட்டம். கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு. மேலே புல்தரை. அதில் கூடாரம் போட்டுக்கொள்ள விடுகிறது, சோறும் ஆக்கிப் போடுகிறது. புல்தரை சரிவு. வடக்கே மேடு, தெற்கே பள்ளம். பள்ளம் முடிகிற இடத்தில் கேரட் பாத்தி. அந்த அம்மா இடத்தைக் காட்டிவிட்டுச் சொன்னது:

"மேட்டுப் பக்கம் தலை வைங்க. வாசல் பள்ளத்துப் பக்கம் இருக்கட்டும். வாடைக் காத்து மேலேருந்துதான் வரும்."

நான் காம்பஸை எடுத்தேன். மூடியைத் திறந்து தரையில் வைத்தேன். மேடு சுத்தமான வடக்கு. அதாவது வடக்கே தலை. தெற்கே வாசல். சார், நீங்களே சொல்லுங்கள். கிழக்கே தலை வைத்தால் நல்லது, தெற்கே வைத்தால் ஆயுசு, மேற்கே சுமார், வடக்கே வைத்தால் சாவு. வாசலோ எமன் திசையில். ஒரு சம்பந்தம் பேச வந்த, மன்னிக்க வேண்டும், சும்மா காற்று வாங்க வந்த இடத்தில் இப்படி இரண்டு அபசகுனத்தை ஒரே கூடாரத்தில் வைப்பேனா?

"அம்மா, கிழக்கே தலை வைக்கலாமா?"

"வைங்க. சரிவுல ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டுக்கிட்டுக் கெடப்பீங்க."

"அப்ப தெற்கே."

"தெக்கே பள்ளம் சார்."

"பள்ளமா இருந்தா என்ன, திசை சரியா இருக்கே."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தது. "எங்களுக்கு எல்லாத் திசையும் ஆண்டவர் குடுத்ததுதான். உங்க இஷ்டம்," என்றுவிட்டுக் கீழே போய்விட்டது.

மொத்தம் மூன்று கூடாரம். எனக்கும் கதிரேசனுக்கும் ஒன்று. மாஸ்டருக்கு ஒன்று. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. எல்லாவற்றுக்கும் வாசலை ஈசானியத்தைப் பார்த்து வைத்தேன். வடகிழக்கு மூலை, தெய்வம் வருகிற மூலை. ஆணி அடிக்கும் இடமெல்லாம் அளந்து புள்ளி வைத்தேன். மாஸ்டர் ஒரு விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், காத்து வடகிழக்குலேருந்து வருது. கேம்ப்ல எப்பவும் காத்துக்கு முதுகைக் காட்டணும்னு..."

"மாஸ்டர், உங்க கேம்ப்ல ஆம்பிளைப் பசங்க எப்படி வேணா படுப்பானுங்க. இது ரெண்டு குடும்பம்."

செண்பகம் அவர் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து இழுத்தது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். சுத்தியலை எடுத்து நான் சொன்ன இடத்தில் நான் சொன்னபடி அடித்தார். விசிலைக்கூடச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது. சொன்னால் கேட்கிற மனுஷன் என்று நினைத்தேன். அந்தப் பெண் கைகட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கதிரேசனைப் பார்த்தது. கதிரேசன் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கே கூச்சம். இப்போது படுக்கிறதுக்கு ஒரு நைலான் பை வருகிறதே, உள்ளே நுழைந்து ஜிப் போட்டுக்கொள்வது, அதை எவன் கண்டுபிடித்தானோ. கூடாரத் தரையும் நைலான், பையும் நைலான். கண்ணை மூடினால் தலை பள்ளத்தை நோக்கிப் போகிறது. உடம்பு ரத்தமெல்லாம் மண்டைக்கு வந்து தட்டுகிறது. கால் பக்கம் வாசல் வழியாக வாடை, தெய்வம் வருகிற மூலையிலிருந்து, நேராக உள்ளே. புழு மாதிரி நெளிந்து மேலே ஏறுவேன், மூன்று மூச்சு விடுவதற்குள் இறங்கிவிடுவேன்.

காலையில் பிலோமினா பால் கறக்கப் போனபோது என் கூடாரத்துத் தெற்குப் பக்கத்து ஆணி இரண்டும் பிடுங்கிக் கிடந்ததாம். துணிக்கு அடியில் என் தலை மட்டும் வெளியே வந்து கேரட் பாத்தி ஓரத்தில் இருந்திருக்கிறது. மேலே பச்சை மஃப்ளர். தூரத்திலிருந்து பார்த்து, "நாம இங்க முட்டைக்கோஸ் போடலையே" என்று நினைத்ததாம் அந்த அம்மா. இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறது.

மாஸ்டர் கூடாரம் நின்றுகொண்டிருந்தது. மாஸ்டர்தான் உள்ளே தலைகீழாக மடிந்து கிடந்தார். எழுந்து வந்தபோது முகம் தக்காளிப் பழம். நான், "தூக்கம் எப்படி மாஸ்டர்?" என்றேன். "ஃபஸ்ட் கிளாஸ் சார்," என்றார். நானும் "ஃபஸ்ட் கிளாஸ்தான்," என்றேன். இரண்டு பேருக்கும் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. முந்தின நாள் சாப்பிட்ட பட்டர் பீன்ஸ்தான் காரணம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவும் பெண்ணும் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"நாங்க படுத்த பத்தாவது நிமிஷமே திரும்பிப் படுத்துட்டோம் அங்கிள். வாசலையும் மூடிட்டு ஒரு பெட்ஷீட்டைத் தொங்க விட்டுட்டோம்."

"வடக்கே தலையாம்மா?"

"மேட்டுப் பக்கம் தலை அங்கிள்."

செண்பகத்துக்குச் சங்கடம். "மன்னிச்சுக்கங்கண்ணே, இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. இல்லாட்டித் திரும்பியிருக்க மாட்டோம்," என்றது. பெரிய மனசோடு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம்தான் விஷயம் நடந்தது. பிலோமினாவின் பசு மடி வீங்கி நின்றது. பொன்மலர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மாடு உதைக்காமல் இருக்க வாலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கதிரேசன் போய்ப் பிடித்துக்கொண்டான். நான் வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை சார். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

"நல்லாப் பிடிச்சிருக்கீங்களே. பழக்கமா?"

"இல்லைங்க. கையை எடுத்தா உங்க மேல படும்ல, அதான்."

அந்தப் பெண் சிரித்தது. நல்ல சிரிப்பு. எனக்கு உள்ளே மிக்ஸி ஓடுகிற மாதிரி இருந்தது.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"இல்லைங்க."

"தலை கீழே போச்சா?"

"ஆமாங்க. போடும்போதே தெரியும், போகும்னு."

"தெரியுமா? அப்பச் சொல்ல வேண்டியதுதானே?"

"அப்பா அளந்துட்டிருந்தாரு."

"சரி, ராத்திரி திரும்பிப் படுத்திருக்கலாமே. அவரு தலைதான் வெளியே கெடந்துச்சே, பார்த்திருக்கவா போறாரு?"

"பார்க்காட்டியும் அப்பா அப்பாதானேங்க."

அந்தப் பெண் இன்னும் நாலு தடவை பால் பீச்சியது. பிறகு அது கேட்டது:

"இன்னிக்கு எந்தப் பக்கம் தலை வைப்பீங்க?"

"கேட்டுச் சொல்றேங்க."

சார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படிச் சொல்லும்? முடிந்தது, தை பிறந்தால் தாம்பூலம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மலைப்பூண்டு ரசம் குடிக்கும்போது மாஸ்டரிடம் சொன்னேன். விதிப்படி அந்த வார்த்தையை எடுக்காமல், "மாஸ்டர், உங்க பொண்ணு கேட்டுச்சாம், எம்பையன் இப்படிச் சொன்னானாம்," என்று மட்டும். மாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியா சொன்னாரு?" என்றார். அவருக்கும் மனசு நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியும் தெற்கேதான். ஆணிக்கு மேலே கல் வைத்துக் கட்டினேன். முட்டைக்கோஸ் ஆகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தை முதல் தேதி பொங்கல் பொங்கி இறக்குவதற்குள் போன் வந்துவிட்டது. செண்பகம். "அண்ணே, எங்க ஜோசியர் மறுபடி பார்த்தாரு. எட்டுன்னு நெனைச்சது அஞ்சுதானாம்." கதிரேசனிடம் சொன்னேன். "சரிப்பா," என்றான். அன்றைக்கு இரண்டு பேரும் பொங்கலைத் தட்டில் வைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்தோம்.

அரை மணியில் மாஸ்டர் தனியாகப் போன் செய்தார். "சார், உங்க காம்பஸ் எங்க பையில வந்துடுச்சு. நேர்ல கொண்டாந்து தர்றேன்." தை போனது, ஆடி போனது, ஆள் வரவில்லை. கார்த்திகையில் மறுபடி போன். "நான் மலைக்குப் போறேன் சார், பிலோமினா அம்மாகிட்ட சொல்லியாச்சு. அங்க வாங்களேன், தந்துடுறேன்." பெரியகுளத்திலிருந்து திருமங்கலம் எத்தனை தூரம்? இரண்டு மணி நேரம். அதை விட்டுவிட்டு என்னை ஏழாயிரம் அடி ஏறச் சொல்கிறார் பாருங்கள். என் பொருள் ஆயிற்றே, போனேன்.

போய் நின்றதும், "அடடா, வீட்டு மேஜையிலேயே வச்சுட்டு வந்துட்டேன் சார்," என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தில்தான் கேட்டேன். "சரி, அதாவது போகட்டும். உண்மையைச் சொல்லுங்க. எட்டு எப்படி அஞ்சாச்சு?"

மாஸ்டர் புல்தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஜாதகமெல்லாம் இல்ல சார். பொண்ணுதான் வேண்டாம்னுச்சு. உங்க பையனை அதுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. 'அப்பா, நீ பதினேழு கேம்ப் போனவன். காத்து எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்னு வாயை மூடிக்கிட்டே. கதிரேசனுக்கும் தெரியும், அவரும் மூடிக்கிட்டாரு. நான் அங்க போனா மூடிக்கிற மூணாவது வாய் என்னுது'ன்னுச்சு."

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி மாஸ்டர்," என்றேன்.

"ஆமா சார்," என்றார். "நல்லவேளை."

பிறகு எழுந்து நின்றார். கூடாரத்தைப் பிரித்துப் போட்டார். விசிலை வெளியே எடுத்து ஒரு ஊது ஊதினார் பாருங்கள், கீழே பிலோமினாவின் நாய் குரைத்தது.

"இப்ப நான் பொண்ணு வீட்டுக்காரன் இல்ல, நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரர் இல்ல. இப்பச் சொல்றேன். காத்துக்கு முதுகு. மேட்டுக்குத் தலை. சர்வேயர் சார், அந்த ஆணியை எடுங்க."

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது போலிருக்கிறது. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"வடக்கே தலையா மாஸ்டர்? ஆயுசு என்னாறது?"

அவர் கேட்டார், கேலியாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். "உங்க வீட்டம்மா எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாங்க?"

தெற்கே சார். முப்பத்தொரு வருஷம் தெற்கே. கட்டிலைத் திருப்பிப் போட்டதே நான்தான். காம்பஸ் வந்த பிறகு இன்னொரு தடவை வைத்துப் பார்த்து இரண்டு டிகிரி நகர்த்தினேன். அவள் அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை, புழுங்குகிறது, தலையை இந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறேனே என்பாள். விடவில்லை. கடைசி வரைக்கும் அந்தத் திசையில் ஒரு பிசகும் இல்லை.

இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. ஆணியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி வடக்கே தலை வைத்துப் படுத்தேன். எமன் வரவில்லை. பக்கத்துக் கூடாரத்திலிருந்து மாஸ்டரின் குறட்டைதான் வந்தது. காலையில் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்படித் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கதிரேசனா? அவனுக்கு ஆகிவிட்டது. அவனே பார்த்துக்கொண்டான், கோயம்புத்தூரில். ஒருநாள் வந்து, "அப்பா, நான் ஒரு பொண்ணைப் பார்த்திருக்கேன்," என்றான். ஐந்து வார்த்தை சார், ஒரே மூச்சில். கல்யாணம் ஆன பிறகு அங்கே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கட்டில் கோணல்மாணலாக, எந்தத் திசை என்றே சொல்ல முடியாது. "என்னடா இது?" என்றேன். "இப்படித்தாம்ப்பா காத்து வருது," என்றான். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மேற்கொண்டு பேச முடியவில்லை.

மாட்டு டாக்டருக்கும் ஆகிவிட்டது. மாப்பிள்ளையைக் குளிரில் பார்த்தீர்களா என்று மாஸ்டரிடம் கேட்டேன். "பார்த்தோம் சார். போர்வையை எம்பொண்ணுக்குக் குடுத்துட்டு ராத்திரி பூரா திட்டிக்கிட்டே கெடந்தான். அதுக்கு அதுதான் பிடிச்சுப்போச்சு," என்றார்.

நாம் எங்கே விட்டோம்? காம்பஸ். மூன்றாம் வருஷம் கேட்டேன், தம்பி மகன் எடுத்துப்போயிருக்கிறான் என்றார். நாலாம் வருஷம், முள் சுற்றவில்லை, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர் பையில் குல்லாவுக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது, நான் என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு பி.டி. மாஸ்டரைத் திருடன் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. அதோடு அந்த ஆளுக்கு நான் இல்லாவிட்டால் கூடாரம் நிற்காது சார். முடிச்சுப் போடத் தெரியாது. போன வருஷம் முழங்கால் வேறு பிடித்துக்கொண்டது. யாராவது கூட இருக்க வேண்டாமா? இந்த வருஷம் கண்டிப்பாக வாங்கிவிடுவேன்.

இதோ, சில்வர் காஸ்கேட் அருவி வந்துவிட்டது. இன்னும் கால் மணிதான். பஸ் ஸ்டாண்டில் நிற்பார் பாருங்கள், விசிலோடு. நீங்கள் அவரைத் தெரியாதவர் போலவே இறங்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுவார்.

என்னது? போனிலேயே இருக்கிறதா? காட்டுங்கள். ஆமாம், வடக்கு, தெற்கு, டிகிரி எல்லாம் வருகிறது.

தெரியும் சார். என் போனிலும் இருக்கிறது. கதிரேசன் போட்டுக் கொடுத்தான், மூன்று வருஷமாயிற்று. அதைப் பைக்குள் வையுங்கள், மாஸ்டர் முன்னாடி எடுக்காதீர்கள்.